பெங்குவின் நடை பற்றி சண்முகத்துக்கு

அன்புள்ள சண்முகம்,

உன் மெயில் வந்து பத்து நாள் ஆகிறது, உடனே பதில் போடவில்லை என்று திட்டாதே. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த சேதியை மூன்றாவது பத்தியில் தள்ளிவிட்டு, முதல் இரண்டு பத்தி முழுக்க ஆஸ்பத்திரி கேன்டீன் இட்லியைப் பற்றி எழுதியிருந்தாயே, உன்னைத் திருத்த இனி யாராலும் முடியாது. கமலா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "அண்ணன் நல்லாத்தான் இருக்காங்க, இட்லியில குறை கண்டுபிடிக்கிற அளவுக்குத் தெம்பு வந்தாச்சு" என்றாள். தங்கச்சிதான் பாவம். உன்னைக் கட்டிலில் வைத்துச் சமாளிப்பதற்கு அவளுக்குத் தனியாக ஒரு விருது கொடுக்க வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நீ கூடத்தில் நடக்கும்போது மும்பைப் பேரன் பின்னாலேயே வந்து "தாத்தா பெங்குவின், தாத்தா பெங்குவின்" என்று அதே மாதிரி நடந்து காட்டுகிறான் என்று எழுதியிருந்தாய். கொஞ்சம் மனசு கஷ்டப்பட்டுத்தான் எழுதியிருக்கிறாய் என்று புரிந்தது. ஆனால் பார், உன் மெயில் வந்ததற்கு முந்தின சனிக்கிழமைதான் நான் நிஜப் பெங்குவின் நடப்பதை நேரில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அதிகாரம் உண்டு. உன் பேரன் உன்னைப் பாராட்டியிருக்கிறான், எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

மெல்போர்னில் பிள்ளைகள் இருக்கிற எந்தத் தமிழ்ப் பெற்றோரைக் கேட்டாலும் இந்தப் பயணத்தைச் சொல்வார்கள். விசிட்டர் விசாவில் வந்து இறங்கிய இரண்டு வாரத்துக்குள் புளியோதரை, தயிர் சாதம் கட்டிக்கொண்டு பிலிப் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நகரத்திலிருந்து சுமார் 140 கிலோமீட்டர், இரண்டு மணி நேர டிரைவ், கடைசியில் ஒரு பாலம் தாண்டினால் தீவு. ஊரிலிருந்து கிளம்பும்போது என் மங்கி குல்லாயைப் பார்த்து "அங்க இப்ப வெயில் காலம்ப்பா" என்று சிரித்த மகள், அன்று இரவு எட்டரை மணிக்குக் கடற்கரைப் படிக்கட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் குல்லாயை ஒரு பார்வை பார்த்தாள். கொடுக்கவில்லை. அந்தக் காற்று நேராகத் தென் துருவத்திலிருந்து வருகிறதோ என்னவோ, காதுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வருகிறது.

ஸ்டேடியம் மாதிரிப் படிகள். எதிரே மணல், அப்புறம் கடல். போன், கேமரா எதுவும் வெளியே எடுக்கக் கூடாது, வெளிச்சம் பட்டால் பறவைகள் மிரளும் என்று பல மொழிகளில் சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய கூட்டம் கையில் போன் இல்லாமல் சும்மா கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அதுவே எனக்கு ஒரு காட்சியாகத்தான் இருந்தது. நான் ஒரே ஒரு தடவை மணி பார்க்க எடுத்துவிட்டேன். கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை, ஒரு பெண் ஊழியர் வந்து சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான், பையன் மாதிரி பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

இருட்டு நன்றாக இறங்கிய பிறகு அலையின் ஓரத்தில் ஏதோ கூழாங்கற்கள் எழுந்து நின்ற மாதிரி இருந்தது. பத்துப் பன்னிரண்டு இருக்கும். நின்றன. மணலைப் பார்த்தன. ஒரு கடல் காக்கை இறக்கையை உதறியது, அவ்வளவுதான், மொத்தக் கும்பலும் திரும்பித் தண்ணீருக்குள் விழுந்து மறைந்தது. மறுபடி வந்தன. மறுபடி நின்றன. யார் முதலில் போவது என்று தெரியாமல் கல்யாண வீட்டுப் பந்தி வாசலில் நிற்பார்களே, அதே நிலை. திடீரென்று ஒன்று துணிந்து நாலடி வைத்தது, உடனே எல்லாம் சேர்ந்து குடுகுடுவென்று மணலைக் கடந்து எங்கள் படிக்குப் பக்கத்திலேயே புல்லுக்குள் ஏறின. ஒன்று மட்டும் பாதி வழியில் குப்புற விழுந்து, எழுந்து, யாரும் பார்க்கவில்லையே என்கிற தோரணையில் தொடர்ந்தது. கூட்டம் முழுக்க "அச்சோ" என்றது, எல்லா மொழியிலும்.

பெங்குவின் என்றதும் நம் மனதில் வருவது கறுப்புக் கோட்டு போட்ட வக்கீல். இவை அந்த ஜாதி இல்லை. பெங்குவின்களிலேயே சிறிய இனம் இது, உயரம் ஒரு அடியைச் சற்றே தாண்டும், எடை ஒரு கிலோ, அதாவது நம் வீட்டு சர்க்கரைப் பொட்டலம். நிறம் கறுப்பே இல்லை. பள்ளிக்கூடத்தில் இங்க் தீர்ந்தபோது பாட்டிலில் தண்ணீர் கலப்போமே, அந்த நீலம். வயிறு வெள்ளை. அந்த நீலத்தைப் பார்த்ததும் எனக்கு என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? ஆர்மரி கேட். சாயங்காலம் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சங்கு ஊதியதும் நீலச் சட்டைகளாகக் கொட்டுமே, சைக்கிளும் நடையுமாக, உங்கப்பாவும் எங்கப்பாவும் அந்தக் கூட்டத்தில் எங்கே என்று நாம் திண்ணையிலிருந்து தேடுவோமே. அப்பா எப்போதும் கொஞ்சம் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார். நாள் முழுக்க நின்ற கால்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாம் பார்த்துச் சிரிப்பது இவர்கள் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தை. விடிவதற்கு முன்னாலேயே கடலுக்குள் இறங்கி, ஒரு நாளில் முப்பது நாற்பது கிலோமீட்டர்கூட நீந்தி, நூற்றுக்கணக்கான தடவை முக்குளித்து, வயிறு நிறைய மீனைச் சுமந்துகொண்டு வருகிற ஜீவன் அது. சில நாள் திரும்பாமல் கடலிலேயே தங்கிவிடுவதும் உண்டு. தண்ணீருக்குள் அது எப்படிப் பாயும் என்று பார்த்தவன் சிரிக்க மாட்டான். மற்றப் பறவைக்கு எலும்புக்குள் காற்றறைகள் இருக்கும், மிதக்க வசதி, பறக்க வசதி. இதற்கு எலும்பு கெட்டி, மூழ்க வசதி. இறக்கை துடுப்பாகிவிட்டது. உப்புத் தண்ணீரைக் குடித்தாலும் கண்ணுக்கு மேலே உள்ள ஒரு சுரப்பி ரத்தத்திலிருந்து உப்பைப் பிரித்து அலகு வழியாகச் சொட்டச் சொட்ட வெளியே தள்ளிவிடும். இப்படிக் கடலுக்கென்றே செதுக்கின உடம்பு, முட்டையிடவும் குஞ்சு வளர்க்கவும் இறகு மாற்றவும் கரைக்கு வந்தாக வேண்டிய கட்டாயம். அந்தக் கட்டாயத்தைத்தான் நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம்.

இப்போது உன் நடைக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து படித்தேன் (தூக்கம்தான் வருவதில்லையே). பெங்குவினுக்கு முட்டியே இல்லை என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தோம்? இருக்கிறது. தொடை எலும்பு குட்டையாக, உடம்போடு ஒட்டி, இறகுக்குள்ளே மறைந்திருக்கிறது. முட்டி எப்போதும் மடங்கியே இருக்கும். எக்ஸ்ரே படத்தைப் பார்த்தால் உள்ளே ஒருவர் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டே நடக்கிற மாதிரி இருக்கிறது. உன் டாக்டர் இனி வாழ்நாளில் குத்தவைக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறார், இவர்கள் வாழ்நாள் முழுக்க அதே வேலையாக இருக்கிறார்கள்.

இதை விடச் சுவாரஸ்யம், நடக்கும்போது இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து ஆடுகிறதே, அந்த ஆட்டத்தைப் பற்றிய ஆராய்ச்சி. பெங்குவின் நடப்பதற்கு, அதே எடையுள்ள வேறு பிராணி செலவழிப்பதைப் போல இரண்டு மடங்கு சக்தி ஆகிறது என்று முன்பே கண்டுபிடித்திருந்தார்கள். இப்படி இடமும் வலமும் ஆடினால் ஆகாமல் என்ன செய்யும் என்றுதான் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் இரண்டு பேர் எம்பரர் பெங்குவின்களை, கால் ஊன்றும் விசையை அளக்கிற ஒரு பலகை மேல் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். விடை தலைகீழ். அந்த ஆட்டம் கடிகாரப் பெண்டுலம் மாதிரி, ஒரு பக்கம் சாயும்போது சேர்கிற சக்தியை அடுத்த அடிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. ஒவ்வொரு அடியிலும் 80 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கிறதாம், மனிதனுக்கு 65 சதவீதம்தான். செலவு அதிகமாவதற்குக் காரணம் குட்டைக் கால். ஆட்டம் இல்லாவிட்டால் அந்தக் காலை வைத்துக்கொண்டு இதைவிடக் கஷ்டப்பட்டிருக்கும். புரிகிறதா? அடுத்த தடவை பேரன் சிரித்தால் இந்தக் கணக்கைச் சொல். சொல்லிவிட்டு வாக்கரை விட்டுவிடாதே, பிசியோதெரபிக்காரர் சொல்வதைக் கேள்.

நீ பத்திரப் பதிவு ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன், இந்த அடுத்த விஷயம் உனக்கென்றே நடந்த மாதிரி இருக்கும். இந்தத் தீவில் நூறு வருஷத்துக்கு முன்னால் பெங்குவின்கள் கூட்டமாகக் கூடு வைக்கும் இடங்கள் பத்து இருந்தன. 1920களில் உள்ளூர்க்காரர்கள் டார்ச் வெளிச்சத்தில் ஆட்களைக் கூட்டிப் போய்க் காட்ட ஆரம்பித்தார்கள். அப்புறம் என்ன, அதே பக்கத்தில் லே-அவுட் போட்டு மனை விற்றார்கள், ரோடு வந்தது, வீடு வந்தது, நாயும் பூனையும் வந்தன, பெங்குவின்கள் காரில் அடிபட்டன, நரி தின்றது. பத்தில் ஒன்பது அழிந்து ஒரே ஒரு இடம் மிஞ்சியது. 1985-இல் விக்டோரியா மாநில அரசு ஒரு முடிவெடுத்தது, அந்த சம்மர்லேண்ட் முனையில் உள்ள மனைகளை எல்லாம் திரும்ப வாங்கிவிடுவது என்று. ஒன்று விடாமல். வீடுகளை இடித்து, புல்லும் புதரும் நட்டு, பறவைகளிடம் ஒப்படைப்பது. முடிக்க 25 வருஷம் ஆனது, 2010 வரை. விடுமுறைக்கு வந்து தங்கவென்று ஆசை ஆசையாகக் கட்டின வீட்டைக் கொடுத்தவர்களுக்கு வருத்தம் இல்லாமலா இருந்திருக்கும்? அதையும் நினைத்துக்கொண்டேன். ஆனாலும் மனையை வீட்டோடு வாங்கிப் புதராக்கி, ஒரு கிலோ எடையுள்ள ஆசாமிகளுக்கு எழுதிக்கொடுத்த கதையை உன் சர்வீஸில் கேட்டிருக்கிறாயா? நரிகளையும் பல வருஷம் விரட்டி ஒழித்து, 2017-இல் தீவில் நரியே இல்லை என்று அறிவித்தார்கள். இப்போது சுமார் நாற்பதாயிரம் பெங்குவின்கள் இருக்கின்றன. ராத்திரி வருகிறவற்றைத் தினமும் எண்ணுகிறார்கள். 2022 மே 3-ஆம் தேதி 5,219 வந்தனவாம், அதுவரை எண்ணியதிலேயே அதிகம். நான் 140 வரை எண்ணினேன், அதற்குள் கமலா முறுக்கை நீட்டினாள், கணக்கு விட்டுப்போனது.

நிகழ்ச்சி முடிந்ததும் எழுந்து ஓடாமல் மரப்பாலத்தில் மெதுவாக நடந்ததுதான் நாங்கள் செய்த புத்திசாலித்தனம். கடற்கரையில் பார்த்தது பாதிதான். மீதி அந்தப் பாலத்துக்கு இரண்டு பக்கமும் புதருக்குள் நடக்கிறது. வளை வாசலில் சாம்பல் நிறப் பஞ்சாக இரண்டு குஞ்சுகள் நிற்கின்றன, அம்மாவோ அப்பாவோ வருகிறது, அடையாளம் குரல்தான், உடனே இரண்டும் அதன்மேல் பாய்ந்து கொத்திக் கேட்கின்றன. கொடுக்கிற வரை விடுவதில்லை. தாயும் தகப்பனும் மாறி மாறித்தான் அடைகாக்கும், குஞ்சு சின்னதாக இருக்கிற வரை ஒருவர் வீட்டில், ஒருவர் கடலில். சத்தம் இருக்கிறதே, இவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு கரகரப்பான உறுமலா என்று இருக்கும். நாற்றமும் உண்டு. நம்ம காந்தி மார்க்கெட் மீன் பக்கம் மத்தியானத்துக்கு மேல் எப்படியோ அப்படி. டிவியில் காட்டும்போது நாற்றம் வருவதில்லை அல்லவா, அதனால்தான் உலகம் முழுக்க இவ்வளவு ரசிகர்கள்.

இந்த ஜோடிகளைப் பார்த்து கமலா நெகிழ்ந்துபோய், "ஆயுசுக்கும் ஒரே துணையாம்" என்றாள். நானும் அப்போது தலையாட்டினேன். பிறகு படித்தால் கதை வேறு. மோனாஷ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதே தீவில் 13 இனப்பெருக்கப் பருவங்களின் கணக்கை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், ஆயிரம் ஜோடிகளில் ஏறக்குறைய 250 விவாகரத்து! முந்தின வருஷம் குஞ்சு சரியாகப் பிழைக்கவில்லை என்றால் அடுத்த வருஷம் வேறு துணை. கமலாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் தங்கச்சியிடம் சொல்லாதே, போனில் பேசும்போது உளறிவிடுவாள்.

இதைவிடப் பெரிய ரகசியம் ஒன்று நூறு வருஷம் பூட்டிக் கிடந்தது. ஸ்காட் என்ற கேப்டன் தென் துருவத்துக்குப் போனாரே, அவர் கூட்டத்தில் லெவிக் என்று ஒரு டாக்டர். 1911-12 கோடைக்காலம் முழுக்க அண்டார்டிகாவில் கேப் அடேர் என்ற இடத்தில் அடேலி பெங்குவின்களின் பக்கத்திலேயே இருந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அதில் ஆண் பெங்குவின்கள் செய்த சில காரியங்கள் (செத்த பெண் பறவையைக்கூட விடவில்லை என்றால் பார்த்துக்கொள்) அந்த மனிதரைக் கலவரப்படுத்திவிட்டன. நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பகுதிகளை மட்டும் கிரேக்க எழுத்தில் எழுதிவைத்தார், கண்டவன் படித்துக் கெட்டுப்போகக் கூடாது என்று. நாம் எட்டாம் வகுப்பில் வாத்தியாரைத் திட்ட 'க' பாஷை வைத்திருந்தோமே, அதே உத்தி. ஊர் திரும்பி எழுதின கட்டுரையிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள், தனியாக நூறு பிரதி அச்சடித்து 'வெளியிடுவதற்கல்ல' என்று மேலே போட்டு, அந்தத் துறைக்காரர்கள் சிலருக்கு மட்டும். அது ஒருவழியாக வெளியே வந்தது 2012-இல். பாவம் அந்தப் பறவைகள், உண்மையில் பாதி அனுபவமில்லாத இளவட்டங்கள், எது உயிருள்ளது எது இல்லாதது என்றுகூடத் தெரியாமல் செய்ததாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குப் பெங்குவின் மேல் பிரியம் கூடிவிட்டது என்றால் நம்புவாயா? பொம்மை கதவைத் திறந்து வெளியே வந்து ஒரு பிராணியாக நின்றது.

உனக்கு வருத்தம் தரும் சேதி ஒன்றும் உண்டு. இவை தின்பது நெத்தலி, மத்தி, கணவாய். கேட்டதும் நாக்கில் ஊறுகிறது அல்லவா? ஆனால் பெங்குவின்களுக்கு இனிப்பும் கசப்பும் தெரியாது, மீன் கறிக்கு உயிராக இருக்கிறதே அந்தச் சுவையும் தெரியாது. அந்த மரபணுக்களே போய்விட்டன, 2015-இல் கண்டுபிடித்தார்கள். புளிப்பும் உப்பும்தான் மிச்சம். ஒரு நாள் முழுக்க நெத்தலிக்காக உயிரை விட்டு, ருசி தெரியாமல் முழுசாக விழுங்குகிறது. ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு இதுபோன்ற வாடிக்கையாளர் அமைந்திருந்தால் அவர்கள் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

தூக்கத்தைப் பற்றி எழுதியிருந்தாய், பேப்பர் படிக்கும்போதே தலை தொங்கிவிடுகிறது என்று. சின்ஸ்ட்ராப் என்று அண்டார்டிகா பக்கம் ஒரு வகை, முட்டை மேல் உட்கார்ந்திருக்கும்போது ஒரு தடவைக்கு நாலு விநாடிதான் தூங்குகிறது, ஒரு நாளைக்குப் பத்தாயிரம் தடவைக்கு மேல், மொத்தம் பதினோரு மணி நேரம் வந்துவிடுகிறது. ஆகவே நீ தூங்குமூஞ்சி இல்லை, கூட்டைக் காக்கிறாய். தங்கச்சியிடம் அப்படியே சொல்.

பேரனுக்கு ஒரு தகவல். அவன் மும்பைக்காரன், பைகுல்லா மிருகக்காட்சி சாலையில் 2016-இலிருந்து ஹம்போல்ட் பெங்குவின்கள் இருக்கின்றன, சியோலிலிருந்து கொண்டுவந்தவை. சொந்த ஊர் பெரு, சிலி கடற்கரை. பனி தேவைப்படாத வகைதான், ஆனாலும் மும்பைப் புழுக்கத்துக்கு ஏசி போட்டு வைத்திருக்கிறார்கள். லீவு முடிந்து போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போகச் சொல். நடையைப் பார்த்துவிட்டு, தாத்தா எவ்வளவு சரியாக நடக்கிறார் என்று வந்து சொல்லட்டும்.

கடைசியாகக் கார் நிறுத்துமிடம். கிளம்புவதற்கு முன் காரின் அடியில் பெங்குவின் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி போர்டு வைத்திருக்கிறார்கள். ராத்திரி பத்தரை மணி, நடுக்கும் குளிர், பஞ்சாபிக் குடும்பம், சீனக் குடும்பம், வெள்ளைக்காரத் தம்பதி, எல்லோரும் அவரவர் கார் பக்கத்தில் மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டுப் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்றார், எனக்கு மனசு கேட்கவில்லை, நானும் இறங்கிக் குனிந்தேன். ஒன்றும் இல்லை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை, பம்பரைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிஷம். அடுத்த முழங்கால் என்னுடையதுதான் போலிருக்கிறது. அந்த டாக்டர் எவ்வளவு வாங்கினார் என்று இட்லிக் கதைக்கு நடுவில் எழுத மறந்துவிட்டாய், எழுது.

கமலா இப்போது பின்னலில் இருக்கிறாள். 2001-இல் இங்கே கடலில் எண்ணெய் கொட்டி 438 பெங்குவின்கள் மாட்டிக்கொண்டனவாம், எண்ணெயை அலகால் கோதி விழுங்கிவிடாமலும் குளிரில் விறைக்காமலும் இருக்கக் குட்டிக் குட்டி ஸ்வெட்டர் போட்டுவிட்டார்களாம், நூற்றுக்கு 96 பிழைத்துக்கொண்டன. கதை கேட்ட மறுநாளே கம்பளி நூல் வாங்கி, யாரோ இன்டர்நெட்டில் போட்ட அளவை வைத்து ஆரம்பித்துவிட்டாள். உலகம் முழுக்கப் பாட்டிகள் பின்னி அனுப்பி ஏராளமாகக் குவிந்துவிட்டது, மிச்சத்தைப் பொம்மைப் பெங்குவினுக்குப் போட்டு விற்கிறார்கள் என்று மகள் பிறகுதான் சொன்னாள். நிறுத்த மனசில்லை. கழுத்தைக் கொஞ்சம் அகலமாக்கிக்கொண்டிருக்கிறாள், உன் பேரனுக்காம். திருச்சியில் எதற்கு ஸ்வெட்டர், மும்பையில்தான் எதற்கு என்று கேட்டேன், முறைத்தாள்.

ஜனவரி கடைசி வாரம் வந்துவிடுவோம். அவன் நெஞ்சளவை மட்டும் அளந்து அனுப்பு.

உன்,
கணேசன்